ஒரு மூட்டை காரைக்குடி மண் கொண்டுபோனால் ஓசூரில் அந்த ருசி வருமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பள்ளத்தூரில் ஆயா வீட்டு வத்தல் டப்பாவிலிருந்து முண்டு மிளகாய் விதையை உதிர்த்து ஓசூர் மாடித்தோட்டத்தில் போட்டீர்கள். செடி நன்றாக வந்தது, காயும் காய்த்தது, ஆனால் குழம்பில் போட்டால் அந்தக் காரமும் இல்லை, மணமும் இல்லை. "மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்தான் ஊர் ருசிக்குக் காரணம்" என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மூட்டை மண் அள்ளிக்கொண்டு போனால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. ஊர் ருசி என்பது நிஜமா, அது நிஜம் என்றால் மண்ணுயிர்தான் காரணமா, அப்படியே இருந்தாலும் அதை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியுமா? முதலாவதுக்கு ஆமாம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் ஆமாம். மூன்றாவதுக்கு இல்லை, அதோடு மூட்டையைத் தூக்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கையும்.

நான் விவசாயம் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேல் சிவகங்கை மாவட்டத்தில் மண் பரிசோதனை வேலை. இப்போது காரைக்குடிக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன், பாதி கண்மாய்ப் பாசனத்தில் கிடக்கும் வயல், பாதி செம்புறை மேடு. மண்ணின் ரசாயனம் எனக்குக் கைப்பழக்கம். நுண்ணுயிரியல் அப்படியில்லை, படித்துத் தெரிந்துகொண்டதுதான். அதனால் கீழே எது என் கண்ணால் பார்த்தது, எது பிறர் ஆராய்ந்து சொன்னது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சங்கடமான விஷயம். நீங்கள் விதைத்தது காரைக்குடி மண்ணில் விளைந்த மிளகாயாக இருக்க வாய்ப்பு குறைவு. செட்டிநாட்டு அடுப்பில் வேகிற முண்டு மிளகாயில் பெரும்பங்கு கிழக்கேயும் தெற்கேயும் இருந்து வருவது. இளையான்குடி, ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர், கமுதி என்று ராமநாதபுரத்துப் பக்கம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதும் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பேரில்தான். அந்த நிலம் வேறு, எங்கள் நிலம் வேறு. எங்கள் பக்கம் மேட்டில் செம்புறைக் கல், அதன் மேல் செவல் மண், பள்ளத்தில் கண்மாய் வண்டல். கடலையும் முந்திரியும் தைல மரமும் நிற்கிற பூமி. மிளகாய்க்காரர்களின் நிலம் பல இடங்களில் களி ஏறிய கனத்த மண், கடல் பக்கம் போகப்போக உப்பும் சேரும்.

இன்னும் சொல்லப்போனால் செட்டிநாட்டு மணம் என்று நாம் சொல்வதில் பாதி எங்கள் மண்ணில் முளைக்காதது. அன்னாசிப்பூ சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. மிளகாயே போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகுதான். கல்பாசி மலைப்பக்கத்து மரங்களிலும் பாறைகளிலும் ஒட்டி வளர்வது. (நீங்கள் நுண்ணுயிர் பற்றிக் கேட்டதால் ஒரு இடைச்செருகல்: கல்பாசி செடியே இல்லை, ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற உயிர். செட்டிநாட்டுக் குழம்பில் நுண்ணுயிர் மணக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு இடத்தில் மறுக்கவே முடியாது.) ஆக, செட்டிநாட்டு ருசி கப்பல் ஏறிப் போய் வியாபாரம் செய்தவர்களின் ருசி. அதை ஒரே மண்ணின் கணக்கில் எழுத முடியாது.

சரி, மிளகாய்க்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் விதையைத்தான் சந்தேகப்படுவேன். மிளகாயில் காரம் உண்டா இல்லையா என்பதையே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. அது பழுதான வகைதான் குடைமிளகாய், எந்த மண்ணில் வைத்தாலும் அதற்குக் காரம் ஏறாது. காரம் உள்ள வகைகளில் எவ்வளவு என்பதற்குப் பல மரபணுக்கள் சேர்ந்து பொறுப்பு. மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஆனாலும் தேனீ பக்கத்து வயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலப்பது சர்வ சாதாரணம். கடையில் வாங்கிய வத்தல் என்றால் பத்துப் பதினைந்து பேர் வயல் கமிஷன் கடையில் ஒன்றாய்க் கொட்டிக் கலந்தது. அதில் ஒரு வீட்டுக்காரர் பக்கத்தில் சம்பா மிளகாய் போட்டிருக்கலாம், இன்னொருவர் கம்பெனி ஒட்டு ரகம் போட்டிருக்கலாம். டப்பாவில் கைவிட்டு எடுத்த பத்து விதை பத்து அப்பனுக்குப் பிறந்தவை. உங்கள் செடிகளில் ஒன்றிரண்டில் மட்டும் காய் கொஞ்சம் நீண்டோ, தோல் மெல்லிசாகவோ இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தது என்றால் மீதி ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்தான்.

விதை சரி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது தண்ணீர். மிளகாயின் காரம் விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த வெள்ளைச் சவ்வில்தான் உருவாகிறது. காய் பிடித்து சுமார் நாற்பது, ஐம்பது நாளில் உச்சத்துக்குப் போய், அதற்கப்புறம் மெல்லக் குறையும். அந்த நாட்களில் செடி கொஞ்சம் தாகத்தில் இருந்தால் பல ரகங்களில் காரம் கூடுகிறது என்று பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். எல்லா ரகத்திலும் இல்லை, சிலவற்றில் மாற்றமே தெரியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இப்போது ராமநாதபுரத்து மானாவாரிக் கணக்கைப் பாருங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறார்கள், கார்த்திகையோடு மழை ஓய்ந்துவிடும், தை மாசத்திலிருந்து மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே செடி பழுக்கிறது. மேலே வெயில் ஏற ஏற கீழே ஈரம் இறங்குகிறது. நீங்களோ மாடியில் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றியிருப்பீர்கள். பாசத்தில் செய்ததுதான், ஆனால் அந்தச் செடிக்கு வாழ்க்கையில் ஒரு கஷ்டமும் வரவில்லை.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட தொள்ளாயிரம் மீட்டர் உயரம். காரைக்குடி அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். பகல் வெயிலை விட ராத்திரிச் சூட்டில்தான் வித்தியாசம் அதிகம். பங்குனியில் எங்கள் ஊரில் ராத்திரி பதினோரு மணிக்கும் செவல் மண்ணில் வெறுங்காலை வைத்தால் சூடு தெரியும். உங்கள் ஊரில் அந்த நேரத்துக்குப் போர்வை தேடுவார்கள். இதற்கப்புறம் உலர்த்துவது. பழத்தைப் பறித்து நிழலில் ஓரிரு நாள் குவித்து வைத்து, அப்புறம் களத்தில் பரப்பி, புரட்டிப் புரட்டி வெயில் காட்டிய வத்தலின் மணம் வேறு, ஓசூர்த் தூறலில் பாதி காய்ந்து பாதி புழுங்கிய வத்தலின் மணம் வேறு. மணம் இல்லை என்கிற உங்கள் குறைக்கு இந்த ஒன்றே காரணமாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நெல்லிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் விசேஷ வீட்டில் கட்டாயம் இருக்கிற கருப்புக் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்ததென்று பெரியவர்கள் சொல்வார்கள். கருப்பரிசியின் கருப்பு மண்ணிலிருந்து வருவதில்லை. காலா4 என்கிற மரபணுவின் முன்பகுதி இடம் மாறிப்போனதால் வந்தது என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அந்தக் கருப்பு எவ்வளவு அடர்த்தியாக ஏறும் என்பது பால் பிடிக்கிற நாட்களின் சூட்டைப் பொறுத்தது. சூடு அதிகமானால் நிறம் வெளிறும். வாசனை அரிசிகளின் வாசமும் அப்படித்தான், கதிர் முற்றுகிற நேரம் குளிர்ச்சியாக இருந்தால் நன்றாக நிற்கும். அதனால்தான் பட்டம் தப்பி விதைத்த சீரகச் சம்பாவைப் பற்றி "பேர்தான் சீரகம்" என்று கேலி செய்வார்கள். விதை ஒரு எல்லையைப் போடுகிறது, பருவம் அந்த எல்லைக்குள் எங்கே நிற்பது என்று சொல்கிறது.

இப்போது மண். என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மண்ணின் சத்து நேராக ருசியில் இறங்குவதற்கு உலகத்தில் இருப்பதிலேயே நல்ல சாட்சி வெங்காயம். வெங்காயத்தின் காரம் முழுக்கக் கந்தகம் சேர்ந்த பொருட்களால் ஆனது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் விடேலியா என்று ஒரு ஊர், அங்கே மணல் மண்ணில் கந்தகம் மிகக் குறைவு, அதனால் வெங்காயம் ஆப்பிள் மாதிரி கடித்துத் தின்கிற அளவுக்கு இனிப்பு. விதைக்கும் பங்கு உண்டு, ஆனால் அதே விதையைக் கந்தகம் நிறைந்த மண்ணில் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும். 1986-இல் எந்தெந்தப் பகுதியில் விளைந்ததற்கு அந்தப் பேர் வைக்கலாம் என்று சட்டமே போட்டார்கள். இது நுண்ணுயிர் மாயம் இல்லை, வெறும் கந்தகக் கணக்கு.

எங்கள் செம்புறை மேட்டில் சிக்கல் கந்தகத்தை விட மணிச்சத்தில்தான், அதாவது பாஸ்பரஸில். செவல் மண்ணின் சிவப்பே இரும்புத் துருதான். அந்த இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்காது. பரிசோதனையில் மொத்த மணிச்சத்து இருக்கும், செடிக்குக் கிடைக்கிற மணிச்சத்து இருக்காது. பேங்கில் பணம் இருக்கிறது, பாஸ்புக் தொலைந்துவிட்டது என்கிற மாதிரி. அதே மண் கண்மாய் வயலில் தண்ணீர் கட்டி நின்றால் காற்று இல்லாமல் இரும்பு இளகி, பிடித்து வைத்திருந்ததில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கும். அந்த இளக்கும் வேலையையே செய்வது காற்றில்லாமல் வாழ்கிற பாக்டீரியாக்கள். சேற்று வயலில் கால் வைத்தால் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுங்குமே, பல சமயம் அது எண்ணெய் இல்லை, இந்த இரும்பு வேலையின் மிச்சம். குச்சியால் தொட்டுப் பாருங்கள், எண்ணெயானால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், இது சில்லுச் சில்லாக உடையும்.

இங்கேதான் நீங்கள் கேட்ட உயிர்கள் உள்ளே வருகின்றன. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும், வளமான மண்ணில் நூறு கோடியைத் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்னும் ஆய்வகத் தட்டில் வளர்க்கவே முடியவில்லை. ஆனால் இரண்டு கூட்டத்தைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. ஒன்று வேர்ப்பூஞ்சை. நிலத்துத் தாவரங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வேருக்குள் குடியிருந்து, வேர் எட்டாத தூரத்துக்கு நூல் நூலாகப் போய் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். எங்கள் செவல் மேட்டில் மிளகாயோ கத்தரியோ கடலையோ பிழைக்கிறது என்றால் இந்தப் பூஞ்சைக்கு அதில் பெரிய பங்கு. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துக்கு இந்தச் சகவாசமே கிடையாது. நெல்லில் கூட புழுதியில் விதைத்த நெல் இந்தப் பூஞ்சையோடு நன்றாகச் சேரும், சேற்றில் நட்டதில் மிகக் குறைவு. நெல்லைப் புழுதி விதைப்பாகப் போடுகிற எங்கள் மானாவாரிக்காரர்களுக்குப் பூஞ்சையின் பேர் தெரியாது, பலன் தெரியும்.

இரண்டாவது கூட்டம் பயறு வகை வேர்களில் முடிச்சுப் போடுகிற ரைசோபியம். கடலைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது. கடலை பல காலமாக விளைகிற மேட்டில் தானாகவே முடிச்சு விழுகிறது. தைல மரம் பல வருஷம் நின்ற தரிசை உடைத்துப் போட்ட முதல் போகத்தில் முடிச்சு குறைவாக இருந்ததை நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். தைல மரத்தின் குற்றமா, சாம்பலா, வறட்சியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ஒரே வயலில் ஒரே வருஷம் பார்த்தது. ஆனால் எந்த உயிர் ஒரு மண்ணில் இருக்கிறது என்பது அங்கே எந்தப் பயிர் எப்படி வரும் என்பதை மாற்றுகிறது என்பது உறுதி. ஆனாலும் கடலையின் பருப்பு திரளுவதற்கும் பொக்காகப் போவதற்கும் பெரிய காரணம் சுண்ணாம்புச் சத்து. விழுது இறங்கிய காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பை மண்ணிலிருந்து தானே நேராக உறிஞ்சுகிறது. அதனால்தான் மண் அணைக்கும்போது சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ போடச் சொல்கிறோம். வறுத்த கடலை ருசியாக இருந்தால் நுண்ணுயிருக்குப் பாதி மாலை, ஜிப்சத்துக்குப் பாதி.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. இந்த உயிர்கள் செடியைப் பிழைக்க வைப்பது சரி, நாக்குக்குத் தெரிகிற மாதிரி ருசியை மாற்றுகின்றனவா? வேர்ப்பூஞ்சை சேர்த்த செடி, சேர்க்காத செடி என்று வைத்துப் பார்த்த சோதனைகள் நிறைய உண்டு. காயில் சர்க்கரை, நிறமி, வாசப் பொருள் ஆகியவற்றின் அளவு மாறுகிறது, ஆனால் ஒரு சோதனையில் கூடுவது இன்னொன்றில் குறைகிறது. ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் வேறு பதில். இதில் இன்னொரு குழப்பம்: பூஞ்சை வந்ததால் செடிக்கு மணிச்சத்து கிடைத்தது, மணிச்சத்து கிடைத்ததால் காய் மாறியது என்றால், அதையே ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட்டும் செய்திருக்குமே? இந்தக் கேள்வியைப் பல ஆய்வுகள் தொடுவதே இல்லை. முதல் மழையில் வருகிற மண்வாசனையைத்தான் காயில் ருசிக்கிறோம் என்று கவிதையாகச் சொல்பவர்களும் உண்டு. அந்த வாசனை ஜியோஸ்மின் என்ற பொருள், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்கிற பாக்டீரியா உண்டாக்குவது, நம் மூக்கு அதை நம்பமுடியாத அளவு நுணுக்கமாகப் பிடிக்கும். ஆனால் காரைக்குடி மண்ணில் மணக்கிற அதே பொருள்தான் கன்னியாகுமரியிலும் கன்னோஜிலும் மணக்கிறது, ஊர் முத்திரை அதில் இல்லை.

ஊருக்கு ஊர் நுண்ணுயிர் வேறு, அதனால் ருசியும் வேறு என்பதற்கு நேரடிச் சோதனை வேண்டும் என்றால் அது வயலில் இல்லை, பீப்பாயில் இருக்கிறது. 2015-இல் நியூசிலாந்தில் ஆறு பகுதிகளிலிருந்து எடுத்த ஈஸ்டுகளைக் கிருமி நீக்கிய ஒரே திராட்சைச் சாற்றில் போட்டு நொதிக்க விட்டார்கள், பகுதிக்குப் பகுதி ஒயினின் வாசப் பொருட்கள் வேறாக வந்தன. கவனியுங்கள், இது அறுவடைக்குப் பின்னால் நடப்பது. நம் வீட்டில் இதற்குச் சமமானது மாவுப் பானை. இட்லி மாவைப் பொங்க வைக்கிறதில் முதல் ஆள் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா, அது உளுந்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு வருவது. பழையது புளிப்பதும் இதே மாதிரியான கூட்டத்தின் கைவரிசை. ஆயா வீட்டு இட்லி ஓசூரில் வரவில்லை என்று கேட்டிருந்தால் நுண்ணுயிர், அது வாழ்கிற சூடு, தண்ணீர் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கடினத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும், வேக நேரமாகும், குழம்பு சேர்ந்து வராது. உங்கள் மாடி வீட்டுக்கு வருவது ஆழமான போர் தண்ணீர் என்றால், அதே மிளகாய், அதே பருப்பு, அதே கை வைத்துக் குழம்பு வைத்தாலும் ருசி மாறும். மிளகாயைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒரு நாள் குடிதண்ணீர் கேனில் குழம்பு வைத்துப் பாருங்கள். இருப்பதிலேயே செலவில்லாத சோதனை இதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் நுண்ணுயிருக்கும் மிளகாய்க் காரத்துக்கும் நேரான உறவு அழகாக நிரூபணமாகியிருக்கிறது. பொலிவியாவில் ஒரு காட்டு மிளகாய், ஒரே இனத்தில் காரமான செடியும் காரமே இல்லாத செடியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 2008-இல் டியூக்ஸ்பரி என்பவரும் கூட்டாளிகளும் கண்டது, பூச்சி பழத்தைத் துளைக்க, துளை வழியாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சை புகுந்து விதையை அழுகச் செய்கிறது, காரம் அந்தப் பூஞ்சையைத் தடுக்கிறது. பூச்சித் தொல்லை அதிகமான இடங்களில் காரச் செடிகள் அதிகம். அப்புறம் 2012-இல் அதன் மறுபக்கமும் தெரிந்தது, தண்ணீர்ப் பஞ்சத்தில் காரச் செடிகள் காரமில்லாதவற்றை விடக் குறைவாகவே விதை பிடிக்கின்றன, அதனால் வறண்ட பக்கம் காரமில்லாதவை அதிகம். அதாவது பூஞ்சை மிளகாயின் காரத்தை ஒரு போகத்தில் ஏற்றவில்லை. பல தலைமுறையாக எந்தச் செடி பிழைக்கும் என்று பொறுக்கியெடுத்துக் காரத்தை விதைக்குள் ஏற்றியிருக்கிறது. ராமநாதபுரத்து முண்டுக்கு இப்படிப் பொறுக்கியெடுத்ததில் பெரிய கை விவசாயியின் கைதான் என்று நினைக்கிறேன், உப்புக்கும் வறட்சிக்கும் தாங்கியதில் நல்ல பழமாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். இது என் ஊகம். ஊகம் சரியென்றால், நீங்கள் தேடுகிற மண்ணின் குணத்தில் ஒரு பெரும் பகுதி ஏற்கெனவே நல்ல விதையில் இருக்கிறது, தனியாக மூட்டை தேவையில்லை.

கடைசியாக மூட்டை. 1934-இல் பாஸ் பெக்கிங் என்ற டச்சு விஞ்ஞானி சொன்னது: நுண்ணுயிர் எல்லாம் எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் எது தழைப்பது என்பதைச் சூழல்தான் தேர்ந்தெடுக்கிறது. முதல் பாதி அவ்வளவு சரியில்லை என்று இப்போது தெரியும், இரண்டாம் பாதி நிற்கிறது. காரைக்குடி மண்ணில் இருக்கிற கூட்டம் அந்தச் சூடு, அந்தப் புளிப்பு, அந்த நாலு மாச மழை, எட்டு மாசக் காய்ச்சலுக்குப் பழகிய கூட்டம். அதை எடுத்துப் போய்த் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் நிரப்பி, தினமும் ஈரமாக இருக்கிற பையில் போட்டால் சில வாரத்தில் அந்தப் பைக்கு ஏற்ற கூட்டம்தான் மிஞ்சும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்று கடையில் விற்கிற நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகள் ஒரு வயலில் வேலை செய்து பக்கத்து வயலில் பேசாமல் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மண்ணை நகர்த்துவதால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தாத்தன்கள் சித்திரையில் காய்ந்த கண்மாயிலிருந்து வண்டல் வெட்டி வண்டி வண்டியாகச் செவல் வயலில் அடித்தார்கள், கீதாரிகளைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போட்டார்கள், கொளுஞ்சியும் எருக்கும் தழையுரமாக மிதித்தார்கள். அது களியையும் சத்தையும் உயிரையும் சேர்த்தே நகர்த்தியது, ஒரே ஊருக்குள், டன் கணக்கில், வருஷா வருஷம். நெதர்லாந்தில் பழைய விளைநிலங்களின் மேல்மண்ணை வழித்துவிட்டு இயற்கைப் புல்வெளி மண்ணை மெல்லியதாகத் தூவி, அந்தப் புல்வெளித் தாவரங்களையே திரும்ப வரவைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் மேல்மண்ணை வழித்த இடத்தில்தான் நன்றாக எடுபட்டது.

மூட்டையோடு என்ன கூட வரும் என்பதை அனுபவித்தவன் நான். பல வருஷத்துக்கு முன் திருச்சியில் மகள் வீட்டுத் தொட்டிகளுக்கு எங்கள் கத்தரிக் கொல்லையிலிருந்து நாலு சாக்கு மண் கொண்டுபோனேன், பெருமையாக. நாற்பது நாளில் கத்தரிச் செடிகள் பச்சையாக நிற்கும்போதே மதியத்தில் துவண்டு, ஒரு வாரத்தில் செத்தன. தண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினால் வெள்ளை இழையாக இறங்கியது, பாக்டீரியா வாடல் நோய். கொல்லையில் அது இருந்தது எனக்குத் தெரியாது, அங்கே அடக்கமாக இருந்திருக்கிறது. அந்தத் தொட்டி மண்ணை முழுக்க மாற்றிய பிறகும் அடுத்த மழையில் கோரை முளைத்தது. மகள் இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ராமநாதபுரத்துப் பக்கம் தன் வயலில் ஒரே ரகமாக மானாவாரி முண்டு போடுகிற ஒருவரிடம், ஒரே செடியின் நடுப் பறிப்பில் பழுத்த பழங்களை விதைக்கு வாங்குங்கள். பையில் தேங்காய் நார்த்தூளைக் குறைத்து உங்கள் ஊர் செம்மண்ணையே பாதிக்கு மேல் போடுங்கள், வேர்ப்பூஞ்சை அதிலேயே இருக்கும், மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால்தான் அது ஒதுங்கிப் போகும். பிஞ்சு பிடித்தபின் இலை லேசாகத் துவள்கிற வரை காத்திருந்து தண்ணீர் விடுங்கள். வெயில் உறுதியாக இருக்கிற மாசத்தில், ஓசூரில் என்றால் பிப்ரவரி, மார்ச்சில், பழம் வருகிற மாதிரி விதைக்கிற நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும் காரைக்குடி மண்ணுக்கு ஏதோ இருக்கிறது என்று மனசு அடித்துக்கொண்டால் சோதித்துத்தான் பாருங்கள். மூட்டை வேண்டாம், கத்தரி, மிளகாய், தக்காளி விளையாத மேட்டிலிருந்து ரெண்டு கிலோ போதும். அதில் ஒரு கிலோவைப் பழைய குக்கரில் (சமைக்கிற குக்கரில் வேண்டாம், வீட்டில் சண்டை வரும்) ஆவியில் ஒரு மணி நேரம், மறுநாள் மறுபடி ஒரு மணி நேரம் வேகவைத்து, மூன்று வாரம் ஆறப்போடுங்கள். வேகவைத்த மண்ணில் சில சத்துகள் திடீரென்று இளகும், அது அடங்கட்டும் என்றுதான் இந்த மூன்று வாரம். ஆறு பையில் வேகாத மண் ஒரு கை, ஆறு பையில் வெந்த மண் ஒரு கை, மற்றதெல்லாம் ஒன்றுபோல். பையின் அடியில் மட்டும் குறி போட்டு, எது எது என்று தெரியாத ஒருவரிடம் வத்தலை வறுத்துக் கொடுங்கள். ஆயாவே வந்து ருசி பார்த்தால் இன்னும் நல்லது, ஆனால் பையை எடுத்துப் பார்க்க விடாதீர்கள்.